மூன்று பொத்தான், ஒரு கம்பி: வெண்பாவைக் கீ செயினில் கோத்துப் பார்த்தபோது

'வெண்பா' வீடியோ கேம் வெளியானது 2023 ஜூலை 31. அதற்கு வந்த விமர்சனங்கள் ஏராளம். 2024-இல் பாஃப்டா விருதுகளில் அறிமுக விளையாட்டுக்கான விருதும் வாங்கிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு நான் வேறு எதற்கு எழுத வேண்டும்? ஒரே காரணம்தான். அந்த விளையாட்டை வைத்து வீட்டிலேயே ஒரு கீ செயின் செய்து பார்த்தேன். செய்யும்போது, விளையாடியபோது தெரியாத சில விஷயங்கள் தெரிந்தன. ஒரு படைப்பை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கச் சொன்னால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவே ஒரு விமர்சனம் என்று எனக்குப் படுகிறது.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதி, அங்கே பிறக்கும் மகன் கவின். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சில வருடங்கள் தாண்டும். நடுநடுவே சமையல். வெண்பா தன் அம்மாவிடமிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

1. கடைவீதியில் தொங்குபவை

எங்கள் திருமழபாடியில் பங்குனியில் நந்தி கல்யாணம். திருவையாற்று நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் வந்து திருமணம் நடக்கும். 'நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்' என்று வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் கடை வரும், கடை வந்தால் கீ செயின் வரும். சாமி படம், நடிகர் படம், பெயரின் முதல் எழுத்து, இவற்றோடு சில வருடங்களாக பப்ஜி சாமான்களும் சேர்ந்துகொண்டன. துப்பாக்கி, ஹெல்மெட், முக்கியமாக அந்த வாணலி.

பப்ஜி மொபைலை இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில்தான் வந்தது. நடுவில் விளையாட்டே இல்லாத மாதங்களில்கூட வாணலி பைக் சாவிகளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த வாணலி ஏன் அவ்வளவு பிரபலம்? முதுகில் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் குண்டைத் தடுக்கும். சமையல் பாத்திரம் கவசமாகிற அந்த வேடிக்கைதான் விஷயம். கீ செயினில் அது போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு குட்டி வாணலி, 'நானும் ஆடியவன்தான்' என்று சொல்லும் ஒரு பேட்ஜ்.

பேட்ஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழனிக்குப் போய் வந்தவர் படம் வாங்கி மாட்டுவதும் அதே வகைதான். ஆனால் அதை வாங்கினாலே போதும், செய்யத் தேவையில்லை. நம் கையால் செய்கிற கீ செயினுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நியாயம் இருக்க வேண்டாமா?

2. மரியோ எப்படித் தப்பிக்கிறார்

வீட்டில் செய்யும் கேம் கீ செயின்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது 8-பிட் மரியோ. எங்கள் தலைமுறைக்கு 'டிவி கேம்' என்றால் அவர்தான். கேசட்டில் பத்தாயிரம் கேம் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் அதே பத்து திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று கண்டிப்பாக மரியோ.

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் சின்ன மரியோவின் உருவம் 12 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம். மூன்றே நிறம். அந்த எந்திரத்தில் ஒரு உருவத்துக்கு அவ்வளவுதான் அனுமதி, நான்காவது இடம் 'ஒன்றுமில்லை' என்ற ஒளிபுகும் நிறத்துக்கு. இடப் பஞ்சம் எந்த அளவுக்கு என்றால், வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே உருவம்தான், நிறம் மட்டும் வேறு. 1981-இல் டாங்கி காங்கில் இந்த ஆளை முதலில் வரைந்தபோதே மியாமோட்டோ தலைமுடி வரைவதைத் தவிர்க்கத் தொப்பி போட்டார், மூக்கு எடுப்பாகத் தெரிய மீசை வைத்தார்.

இப்போது இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் மணிகள் கிடைக்கின்றன. ஆணிப் பலகையில் மணிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி, மேலே தாள் போட்டு, சூடு காட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 5 மி.மீ. மணியில் மரியோ செய்தால் 8 செ.மீ. உயரம் வரும், சாவிக்கு ரொம்பப் பெரிது. 2.6 மி.மீ. மணியில் செய்தால் 4 செ.மீ.க்குச் சற்று மேலே நிற்கும், சரியான அளவு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இப்படிச் செய்த மரியோவை அசலின் 'படம்' என்று சொல்ல முடியாது. ஒரு கட்டம்கூடக் குறையாமல் அசலேதான். திரையில் ஒளியாக இருந்தது இங்கே பிளாஸ்டிக்காக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டு வாசலில் பார்த்த புள்ளிக் கோலத்தை எண்ணி வந்து நம் வாசலில் போட்டால் அதை 'நகல் கோலம்' என்று யாரும் சொல்வதில்லை. புள்ளிக் கணக்கும் இழையும் சரியாக இருந்தால் அதுவும் கோலம்தான். ஒரு மணி உதிர்ந்து விழுந்தால்கூட அங்கே என்ன நிறம் இருந்தது என்று சுற்றிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பப்ஜி வாணலியில் பெயின்ட் உரிந்தால் உரிந்ததுதான்.

3. மழபாடி வைத்தியநாதர் கோயிலில் நடந்தது

இந்த இடத்தில் ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், விஷயத்தோடு தொடர்பு உண்டு.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளில் ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஒன்று. ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இங்கிருந்த விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவிடுகிறான். பிரித்தால் அதன் சுவர்களில் வெட்டியிருக்கும் கல்வெட்டுகள் என்னாவது? நிலக்கொடை, விளக்குக்கு விட்ட ஆடு, பொன் எல்லாவற்றுக்கும் அதுதான் பத்திரம். அதனால் பிரிப்பதற்கு முன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொல்கிறான். வேலை முடிந்து, ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், புத்தகத்திலிருந்த வாசகங்களைப் புதுக் கல்லில் மறுபடி வெட்டுகிறார்கள்.

கல் போய், ஏடு வந்து, மறுபடி கல். என் வேலையின் மொழியில் சொன்னால் பேக்கப், மைக்ரேஷன், ரீஸ்டோர். நடுவில் பத்து வருடத்துக்கு மேல். கொடை செல்லுபடியாவதில் குறையில்லை. ஏனென்றால் கொடை இருந்தது எழுத்தில், எழுத்து எந்தப் பொருளில் உட்கார்ந்தாலும் அதே எழுத்து. ஆனால் பிரித்துப் போட்ட அந்தப் பழைய விமானம் பார்க்க எப்படி இருந்தது? அது புத்தகத்தில் ஏறவில்லை. ஏற்ற வழியும் இல்லை.

ஆக இரண்டு வகை. பொருள் மாறினாலும் அப்படியே வருபவை ஒரு வகை: எழுத்து, கோலம், 8-பிட் மரியோ. பொருளோடு போய்விடுபவை இன்னொரு வகை: விமானத்தின் அழகு, ஒரு சிற்பியின் கை, சாயங்கால வெளிச்சம். (மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968-இல் வந்த தன் 'லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்' நூலில் கலைகளை ஏறத்தாழ இப்படித்தான் பிரிக்கிறார். போலி செய்யக்கூடிய கலைகள், போலி என்ற பேச்சுக்கே இடமில்லாத கலைகள் என்று.)

அப்படின்னா வெண்பா எந்த வகை?

4. எதை எடுப்பது?

முதலில் தோன்றுவது இட்லி. கைவேலைக் களிமண்ணில் ஒரு வெள்ளை உருண்டையைத் தட்டி, பக்கத்தில் பச்சையாகக் கொஞ்சம் சட்னி வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இட்லி கீ செயின். வெண்பாவோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. எந்த ஓட்டல் வாசலிலும் விற்கலாம். வெண்பாவின் முகத்தை வரைந்து அக்ரிலிக்கில் அச்சடிக்கலாம், அது பப்ஜி வாணலியின் தங்கை. விளையாட்டின் வண்ணங்களும் சமையல் சத்தமும் வானொலிப் பாட்டும் இனிமையானவை. அவை விமானத்தின் அழகு மாதிரி, கீ செயினுக்கு வராது.

பிறகு எது வரும்? முதல் அத்தியாயத்தின் இட்லிப் புதிரை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் குறிப்பு அழிந்திருக்கிறது. மாவு இருக்கிறது, தட்டு இருக்கிறது, பானை இருக்கிறது. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி மேலே வரை போகும் என்பதுதான் கேள்வி. குழிக்கு நேர் மேலே குழி வந்தால் மேல் தட்டின் அடிப்பாகம் கீழே உப்பி வரும் இட்லியை இடிக்கும், ஆவிக்கும் வழி அடைபடும். ஒரு தட்டைத் திருப்பி வைத்தால் குழிக்கு மேல் இடைவெளி வரும். நம் வீடுகளில் தினமும் நடப்பது, யாரும் யோசிப்பதுகூட இல்லை.

விளையாட்டின் உயிர் இந்தத் திருப்பலில் இருக்கிறது. அழிந்த வரியை யாரும் வந்து சொல்லித் தரவில்லை. பாத்திரமே சொல்லிக்கொடுக்கிறது. தட்டின் வடிவத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. புட்டுக் குழல் வரும் இடத்திலும் இதே கதைதான், குழலின் அமைப்பைப் பார்த்து வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பொருள் மாறினாலும் வரும். அதைத்தான் எடுத்தேன்.

செய்முறை ரொம்ப எளிது. தையல் கடையில் கோட்டுக்குப் போடும் பெரிய பொத்தான் மூன்று. நான்கு துளை உள்ளதாக, ஓரம் எழும்பி நடுவில் குழிந்ததாக இருக்க வேண்டும். கையில் வைத்துப் பாருங்கள், அச்சு அசல் இட்லித் தட்டு! நான்கு துளையும் நான்கு குழி. கொட்டாங்கச்சிப் பொத்தான் கிடைத்தால் இன்னும் நல்லது, துளை போடும்போது விரிசல் விடாது, பார்வைக்கும் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றின் மையத்திலும் 2 மி.மீ. துளை. தடிமனான செம்புக் கம்பியின் அடியில் ஒரு சுருள் போட்டு, பொத்தான், பாசிமணி, பொத்தான், பாசிமணி, பொத்தான் என்று கோத்து, மேலே வளையம் வளைத்துச் சாவி வளையத்தில் மாட்ட வேண்டும். பாசிமணிதான் தட்டுக்கு நடுவிலுள்ள கால். பொத்தான்கள் தானாகச் சுற்றாமல், விரலால் திருப்பினால் மட்டும் திரும்பும் அளவுக்குக் கம்பியை இறுக்க வேண்டும். செலவு வளையத்தோடு சேர்த்து 20 ரூபாய்க்குள்.

நான்கு துளைகள் 90 டிகிரி இடைவெளியில் இருப்பதால் 45 டிகிரி திருப்பினால் கீழ்த் துளைகளுக்கு நட்டநடுவே மேல் துளைகள் வரும். ஒவ்வொரு அடுத்தடுத்த ஜோடிக்கும் இரண்டு நிலை, நேராக அல்லது மாறி. மூன்று தட்டுக்கு இரண்டு ஜோடி, ஆக நான்கு நிலை. அதில் ஒன்றே ஒன்றுதான் சமையலுக்கு ஆகும். பைக் சாவியை எடுக்கும்போதெல்லாம் அது கலைந்துபோகும். மறுபடி சரிசெய்ய வேண்டும். அதுதான் எனக்குப் பிடித்தது.

சட்டம் பற்றி ஒரு வரி, யாராவது கேட்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள இடம் தருகிறது. மணி மரியோவைச் செய்து நம் சாவியில் மாட்டிக்கொள்வது வேறு, நூறு செய்து திருவிழாவில் விற்பது வேறு. பொத்தான் இட்லித் தட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது யாருடைய சொத்தும் கிடையாது. இதுவும் யோசிக்க வேண்டிய ஒன்றுதான். வெண்பாவிலிருந்து கீ செயினுக்கு வரக்கூடிய ஒரே பகுதி, விசை கேம்ஸுக்கும் நம் பாட்டிகளுக்கும் பொதுவான பகுதி.

5. மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தது

சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, ஒன்றைச் செய்தால் யாரிடமாவது கொடுத்துச் சோதித்துப் பார்க்காமல் விடாது. தட்டுகளை வேண்டுமென்றே நேராக வைத்து, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன்.

அலுவலக நண்பர், இட்லியை ஓட்டலில் மட்டும் பார்த்தவர். "ஃபிட்ஜெட் ஸ்பின்னரா?" என்று கேட்டுச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதில் சரி, தப்பு என்று ஒன்றும் இல்லை.

என் மகள், ஏழாம் வகுப்பு, பெங்களூரில் வளர்கிறவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வெண்பாவை என்னோடு சேர்ந்து விளையாடியவள். உடனே "இட்லி லெவல்!" என்று சொன்னாள், நடுத்தட்டைத் திருப்பினாள், நிறுத்திவிட்டாள். விடை தெரியும்.

என் அம்மா, திருமழபாடி. வீடியோ கேம் என்றால் அவருக்குப் பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கும் ஒன்று. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். நடுப் பொத்தானைத் திருப்பினார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "இங்க பாருடி, நேரா வச்சா ஆவி எங்கிட்டுப் போவும்? மேத்தட்டு மாவாவே நிக்கும்" என்றார். அவள், "தெரியும் அப்பாயி, கேம்ல வந்துச்சு" என்றாள். "எதுல வந்துச்சு?" என்று அம்மா கேட்டதற்கு எங்கள் இருவராலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்று பேர் என்பது ஆய்வுக்குப் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் தெளிவு. அம்மாவும் மகளும் ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஐம்பது வருட அடுப்பிலிருந்து, இன்னொருவர் ஒன்றரை மணி நேரத் திரையிலிருந்து. அந்த ஒன்றரை மணி நேரம் உண்மையிலேயே ஒன்றைக் கொடுத்திருக்கிறது. இட்லிப் பொம்மை கொடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. இருவரும் "அழகா இருக்கு" என்றிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும்.

6. பெயர்ப் பொருத்தம்

கதாநாயகிக்கு வெண்பா என்று பெயர் வைத்ததை அழகுக்காக வைத்தது என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது விளையாட்டின் பொறிமுறையையே சொல்கிற பெயராகப் படுகிறது.

வெண்பா யாப்புகளிலேயே கறாரானது. மா முன் நிரை வர வேண்டும், விளம் முன் நேர், காய் முன் நேர். வேறு தளை உள்ளே வரக்கூடாது. ஈற்றடி மூன்று சீர், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று. பள்ளியில் இதை ஒரு தொந்தரவாகத்தான் படித்தோம். ஆனால் ஓர் ஓலையில் பூச்சி அரித்து ஒரு சீர் போய்விட்டது என்று வையுங்கள். ஈற்றுச்சீர் நீங்கலாக மற்ற இடங்களில் வரக்கூடிய சீர் வாய்பாடுகள் எட்டு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம், இவற்றோடு நான்கு காய்ச்சீர். போன சீருக்கு முன்னால் இருப்பது காய்ச்சீர் என்றால், போனது நேரசையில் தொடங்க வேண்டும். எட்டு நான்காகிவிட்டது. அடுத்து நிற்கும் சீர் நேரில் தொடங்கினால், போன சீர் மாச்சீராக இருக்க முடியாது. தேமா கழிகிறது. மிச்சம் கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய், மூன்றே மூன்று. அடியின் முதல் சீராக இருந்தால் எதுகை வேறு கை கொடுக்கும்.

கம்ப்யூட்டரில் இதற்குப் பிழை திருத்தும் குறியீடு என்று பெயர். கூடுதல் கட்டுப்பாட்டை உள்ளேயே வைத்துவிட்டால், ஒரு துண்டு தொலைந்தாலும் மற்ற துண்டுகளிலிருந்து மீட்கலாம். சிறு வயதில் அரியலூர், குன்னம் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் தமிழ் படித்த உ.வே.சா., பிற்காலத்தில் சிதைந்த ஏடுகளோடு மல்லுக்கட்டியபோது யாப்பும் அவருக்கு ஒரு கருவி. வெண்பா வீட்டுச் சமையல் புத்தகமும் அப்படி ஒரு சிதைந்த ஏடு. அதில் யாப்பின் வேலையைச் செய்வது பாத்திரங்கள். தட்டும் குழலும் தளை தட்டாமல் பார்த்துக்கொள்கின்றன.

இந்த அளவில் வெண்பா மிக நேர்த்தியான வேலை. விளையாட்டு ரொம்பச் சின்னது என்ற குறையை நான் ஏற்கவில்லை. நான்கடியில் முடிய வேண்டியதை நாற்பதடிக்கு இழுக்க வேண்டியதில்லை.

7. தளை தட்டும் இடம்

ஆனால் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதுவும் கீ செயினிலிருந்து வந்ததுதான்.

பொத்தானைத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடுகிறது, நான்கில் ஒன்று விடை. விளையாட்டிலும் அப்படியே, ஒரு குறிப்புக்கு ஒரு விடை. தப்பினால் மறுபடி செய்யலாம். அளவு நம் கையில் இல்லை, வரிசை மட்டும்தான். மாவு புளிக்காமல் போகும் குளிர்கால இரவு, ஒரு கல் உப்பு கூடிப்போவது, பழகிய கை மட்டும் அறிந்த பதம், இவற்றுக்கு அங்கே வேலையில்லை. சரி, விளையாட்டு என்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

குறை இதுதான்: சமையல் குறிப்புக்குப் பொருந்துகிற இந்த விதியைக் கதை மெல்ல மனிதர்களுக்கும் பொருத்திவிடுகிறது. பள்ளிக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்ன கவின் வளர்ந்து, அம்மாவின் புத்தகத்தை எடுத்து, அரைகுறைத் தமிழில் தடுமாறிப் படித்துச் சமைக்கிறான். விளையாட்டின் மிகச் சிறந்த காட்சி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தச் சமையல் முடியும்போது அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே விடுபட்ட வருடங்களும் மீண்டுவிட்ட மாதிரி ஓர் உணர்வைக் கதை கொடுக்கிறது. அங்கேதான் தளை தட்டுகிறது.

அத்தியாயங்களுக்கு நடுவே தாண்டிப் போன வருடங்களில் என்ன பேசவில்லை, எந்தப் போனை எடுக்கவில்லை, எந்த மௌனம் எவ்வளவு நாள் நீடித்தது என்பதை முன்னால் நிற்கும் சீரையும் பின்னால் நிற்கும் சீரையும் வைத்து ஊகிக்க முடியாது. அது மழபாடியின் பழைய விமானம் மாதிரி. கல்வெட்டைத் திரும்ப வெட்டலாம், விமானம் போனது போனதுதான். பேரன் பேத்திகள் இட்லி செய்யக் கற்றுக்கொள்வது நல்லதுதான். அதனால் பாட்டியோடு பேசாமல் போன சாயங்காலங்கள் நிரம்பிவிடாது. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. அந்தச் சாவிகளில் எந்த கீ செயின் தொங்கினாலும் வீடு பூட்டித்தான் இருக்கிறது.

விசை கேம்ஸ் இதை அறியாதவர்கள் இல்லை. வெண்பாவின் தனிமையை அவர்கள் காட்டும் இடங்களே அதற்குச் சாட்சி. வருடங்களைத் தாண்டும் இடத்தில் திரை ஒரு கணம் நின்று போவது எனக்கு எந்தச் சமையலையும் விட அதிகம் சொன்னது. என் கட்சி என்னவென்றால், ஒரே ஒரு குறிப்பையாவது மீட்க முடியாததாக விட்டிருக்கலாம். எத்தனை முறை முயன்றாலும் சரியாக வராத ஒரு குழம்பு. ஆட்டக்காரர் கடைசியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது மீட்ட மற்ற குறிப்புகளின் மதிப்பு இன்னும் கூடியிருக்கும்.

இந்த வழக்கை வைத்துக்கொண்டே சொல்கிறேன், வெண்பாவை விளையாடுங்கள். முடிந்தால் வீட்டில் சமைக்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுங்கள், அவர் குறுக்கே சொல்வதையும் கேளுங்கள். கீ செயின் செய்வதானால் பொத்தானின் மையத் துளையை 2 மி.மீ.க்கு மேல் போடாதீர்கள், தளர்ந்துபோய்த் தட்டு தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். மழபாடிக் கல்வெட்டைப் பற்றித் தனியாக எழுத இன்னும் நிறைய இருக்கிறது, அது அடுத்த பதிவில்.